ஏஞ்சல் ஃபயரில் ஒரு தகப்பன் கட்டிய மண்டபம்

நேயர்களுக்கு வணக்கம்.

போர் நினைவிடம் என்றால் அரசாங்கம் கட்டும், பெரியவர்கள் வந்து திறந்து வைப்பார்கள் என்றுதான் நமக்குப் பழக்கம். நான் சொல்ல வந்த இடம் அப்படி வந்ததல்ல. அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கே, 8,000 அடிக்கு மேலே ஏஞ்சல் ஃபயர் என்று ஒரு சின்ன மலையூர். அங்கே வியட்நாம் போர் வீரர்களுக்காக ஒரு பூங்கா, அதில் ஒரு மண்டபம். மகன் இறந்ததற்கு வந்த இன்சூரன்ஸ் பணத்தைப் போட்டு ஒரு தகப்பன் ஆரம்பித்த வேலை அது.

மகன் டேவிட் வெஸ்ட்பால், மரீன் படையில் லெப்டினன்ட். 1968 மே 22 அன்று வியட்நாமில் கோன் தியென் அருகே எதிரிகள் மறைந்திருந்து தாக்கியதில் உயிர் போனது. அப்பா விக்டர், அம்மா ஜீன். விக்டர் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். சரித்திரம் படித்தவர், கட்டட வேலையும் தெரிந்தவர். தங்கள் சொந்த நிலத்திலேயே கட்டினார்கள். பறவை இறக்கை விரித்தாற்போல வளைந்து எழும் வெள்ளைச் சுவர்கள். சரியாக மூன்றாம் வருஷ நினைவு நாளில், 1971 மே 22 அன்று, திறந்தார்கள்.

இந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அப்போது போரே முடியவில்லை. இந்தப் போர் நியாயமா என்று அந்த நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. ஊர் திரும்பிய சிப்பாய்களில் பலர், போருக்குப் போய் வந்ததை வெளியே சொல்லவே தயங்கினார்கள். அந்தப் போரில் இறந்த, காணாமல் போன 58,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த கருங்கல் சுவர் தலைநகர் வாஷிங்டனில் வந்தது 1982-இல்தான். அந்தச் சுவர் வருவதற்கு 11 வருஷம் முன்னாலேயே ஒரு குடும்பம் செய்து முடித்துவிட்டது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது கட்டியது அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. ஆரம்பத்தில் இரவானால் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நம் கோயில்களிலும் இரவு நடை சாத்துகிறோம், சாமிக்கே பள்ளியறை நேரம் உண்டு. ஒருநாள் காலையில் பார்த்தால், யாரோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: எனக்கு உள்ளே வரவேண்டியிருந்த நேரத்தில் ஏன் பூட்டி வைத்தீர்கள் என்று. அன்றிலிருந்து விக்டர் கதவைப் பூட்டவில்லை. ராத்தூக்கம் போனவர்கள் எந்நேரமும் வரலாம், உட்காரலாம், அழலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை.

செத்தவனுக்கு என்று கட்டியது, பிழைத்து வந்தவனுக்குப் பயன்பட்டது. மண்டபத்துக்குப் போகும் நடைபாதைச் செங்கற்களைப் பார்த்தாலும் இது தெரியும். இறந்தவர்கள் பெயர் மட்டுமல்ல, போய்த் திரும்பியவர்கள் பெயரும் அதில் இருக்கிறது. தன் பெயரைத் தானே குனிந்து தேடிப் படிக்கலாம். இப்படி வசதி உள்ள போர் நினைவிடங்கள் அதிகம் இல்லை. வாசல் பக்கம் வியட்நாமில் பறந்த ஹெலிகாப்டர் ஒன்றும் நிற்கிறது. பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ள அதுதான் பிடிக்கும், போகட்டும்.

1994-இல் விக்டர் வியட்நாம் போனார். மகன் விழுந்த இடத்தில் ஏஞ்சல் ஃபயர் மண்ணைத் தூவிவிட்டு, அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்தார். 2003-இல் காலமானார். 2005-இல் அந்த இடத்தை மாநில அரசு பூங்காவாக ஏற்றது. இப்போது முன்னாள் படைவீரர் நலத் துறையின் பொறுப்பு. விக்டரையும் ஜீனையும் மண்டபத்தின் அருகிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

வணக்கம்.