பிளஸ் டூ வகுப்பு மலர் போடுகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பக்கம் மலர் போடுவது புதிதில்லை. மணிவிழாவுக்கு மலர், குடமுழுக்குக்கு மலர், கம்பன் விழாவுக்கு மலர் என்று பழகிய சீமை. பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளும் ‘நாமும் ஒன்று போட்டால் என்ன’ என்று கிளம்புகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பாதி மலர்கள் தேர்வு நெருக்கத்தில் நின்றுபோகின்றன. மீதி அச்சாகி வருகின்றன. உள்ளே புரட்டினால் ‘இனிய நாட்கள், மறக்க முடியாத நண்பர்கள், பாசமிகு ஆசிரியர்கள்’. அட்டையை மாற்றிவிட்டால் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும்.

முதலில் காலக்கணக்கு. காலாண்டு விடுமுறையில் எழுத்துகளை வாங்கிவிட வேண்டும். அரையாண்டுக்கு முன்னால் தட்டச்சு, பொங்கலுக்குள் மெய்ப்பு, அதாவது பிழை திருத்தம். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அதற்குமேல் ஒரு பிள்ளையையும் கையில் பிடிக்க முடியாது. ‘ரிசல்ட் வந்ததும் போட்டுக்கலாம்’ என்பவர்களை நம்பாதீர்கள். அதற்குள் பாதிப் பேர் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் சீட்டுக்கு அலைந்துகொண்டிருப்பார்கள்.

எழுத்து வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘உன் பள்ளி அனுபவத்தை எழுதிக் கொடு’ என்றால் வாழ்த்து மடல்தான் வரும். கேள்வியாகக் கேட்க வேண்டும். மத்தியானம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? அவன் டப்பாவில் என்ன இருக்கும்? பள்ளத்தூரிலிருந்து வருகிறவன் எந்த பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போய்விடும்? மணி அடித்தது யார்? எந்தப் பாடத்துக்குத் தனியாக நோட்டுப் போட்டாய், ஏன்? இப்படி ஐந்து கேள்வியை ஒரு தாளில் அடித்துக் கொடுங்கள். ஆளுக்கு எண்பது சொல் போதும். டெமி அளவுப் பக்கத்தில் (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்) இருநூறு சொல் போல நிற்கும். சின்னப் படத்தோடு ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் வசதியாக அடங்குவார்கள். நாற்பது பேருக்கு இருபது பக்கம்.

2025-26 பிளஸ் டூ அணிக்கு இன்னொரு கேள்வியும் வேண்டும். இவர்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச்சில், பள்ளி மூடியது. எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்நாட்டில் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஏழாம் வகுப்பு முழுக்க வீட்டில்தான். அந்த வருஷத்துக்குக் குழுப்படம் இருக்காது, ஆண்டு விழா இருக்காது. ஆகவே மலரில் அந்த இடத்தைத் தாவிவிடுவார்கள். அது தப்பு. யார் வீட்டு ஃபோனில் படித்தாய், அண்ணன் தங்கைக்குள் அதை எப்படிப் பங்கு போட்டீர்கள், கல்வித் தொலைக்காட்சி பார்த்தாயா, படிப்பு எங்கே விட்டுப்போனது என்று கேளுங்கள். பல மலர்களில் விட்டுப்போகும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் சில்லறைச் செய்தியெல்லாம் யாருக்கு என்று சிலர் நினைக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் எல்லாம் சேர்த்து வைத்தார். அந்தத் தொகுப்புதான் 1994ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆனது. நோட்டீஸில் ஊரும் தேதியும் பெயரும் இருக்கின்றன, அதனால் பயன்படுகிறது.

பெயர் என்றதும், நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். இங்கே தலைப்பெழுத்து ஒற்றை எழுத்தாக நிற்காது. ஆங்கிலத்தில் ஆர்எம் என்று இருப்பது ராம., பிஎல் என்று இருப்பது பழ., சிடி என்பது சித. பதிவேட்டை வைத்துக்கொண்டு வெளியூர்த் தட்டச்சர் ‘பி.எல்.’ என்று அடித்துவிடுவார். வீட்டில் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தமிழில் தானே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். மெய்ப்பின்போது ஒருவர் அந்தத் தாளை உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சைப் பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் கண் ஏமாற்றிவிடும்.

பட்டப்பெயரை அந்தப் பிள்ளை சம்மதித்தால் மட்டும் போடுங்கள். கைபேசி எண், வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம்.

குழுப்படம் காலை எட்டரைக்குள், கட்டட நிழலில். மரத்தடி அழகாகத் தெரியும், ஆனால் இலை வழியே விழும் வெயில் முகங்களில் திட்டுத்திட்டாக விழுந்துவிடும். வெயிலைப் பார்த்து நிறுத்தினால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள். நாற்பது பேர் என்றால் நாலு வரிசை: தரையில் ஒன்று, நாற்காலியில் ஆசிரியர்களோடு ஒன்று, நிற்பது ஒன்று, பெஞ்சு மேல் ஒன்று. குறைந்தது பத்துப் படமாவது எடுங்கள். யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். படம் எடுத்த கையோடு, ஒருவரும் கலைவதற்கு முன், ஒரு ஆள் அட்டையோடு போய் வரிசைவாரியாக இடமிருந்து வலம் பெயர் எழுதிவிட வேண்டும். அடுத்த நாள் எழுதிக்கொள்ளலாம் என்றால் மூன்றாவது வரிசையில் சண்டை வரும். என்னைக் கேட்டால், மலரிலேயே முக்கியமான எழுத்து இந்தப் படத்துக்குக் கீழே வரும் பெயர்ப் பட்டியல்தான். முதலமைச்சர் வாழ்த்துச் செய்தி வரவில்லை என்று ஏங்காதீர்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். நாலு அங்குல அகலத்தில் அச்சிட 1200 பிக்சல் வேண்டும். முழுப் பக்கத்துக்கு 1650க்கு 2550. ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது எழுத்துரு. பிள்ளைகள் ஃபோனில் யூனிகோடில் அடிப்பார்கள். அச்சகத்தில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு இருக்கக்கூடும். அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மாற்றும்போது சரியாகத்தான் வந்த மாதிரி இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் அடித்த இடங்களைப் பாருங்கள். பெரிய எழுத்து எம் ‘ஆ’ ஆகியிருக்கும், வி ‘ஏ’ ஆகியிருக்கும், மாற்றாமல் விட்ட காற்புள்ளி ‘இ’ ஆகியிருக்கும். வாக்கியத்தின் நடுவே காரணமில்லாமல் ‘இ’ தெரிந்தால் அது காற்புள்ளிதான்.

பக்கக் கணக்கு: ஒரு பெரிய தாளில் இருபுறமும் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்தான் ஒரு பாரம். டெமியில் அது 16 பக்கம். 48 பக்கம் என்றால் மூன்று பாரம். கடைசி நேரத்தில் யாரோ கவிதை கொண்டுவந்து 49ஆவது பக்கம் ஆனால் அரைப் பாரம் கூடும், எட்டுப் பக்கத்துக்குச் செலவு. கவிதையைத் தள்ளுங்கள். உள்ளே 70 ஜிஎஸ்எம் (தாளின் கனக் கணக்கு) மேப்லித்தோ என்ற சாதாரண வெள்ளைத் தாள் போதும். படம் வரும் பக்கங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அதாவது வழவழப்பான தாள். 48 பக்கத்துக்கு சென்டர் பின் (தாள்களை நடுவில் மடித்து மடிப்பில் பின் அடிப்பது) நிற்கும். குழுப்படத்தை 24, 25ஆம் பக்கங்களில் போடுங்கள். நடுவில் அது ஒரே தாள். வேறு இடத்தில் இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டால் இரண்டும் வெவ்வேறு தாளில் வந்து, நடுவில் நிற்பவர் முகம் பொருந்தாது.

நூறு, நூற்றைம்பது பிரதிக்கு ஆஃப்செட் கட்டாது. அதில் நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் (அச்சுத் தகடு) கூலி ஒன்றுதான். டிஜிட்டலில் போடுங்கள். சிவகாசி மலிவு என்பார்கள், ஆனால் மெய்ப்புக்கு அலைய முடியாது. காரைக்குடியிலேயே நேரில் உட்கார்ந்து பார்க்கும் அச்சகம் நல்லது. விளம்பரம் கொடுக்கும் கடைகளிடம் வாசகம் வாங்கும்போதே பணமும் வாங்கிவிடுங்கள்.

மலரைப் பிப்ரவரியில் கையில் கொடுத்துவிடுங்கள். அன்று வராத பிள்ளைகளின் பிரதிகளைப் பெயர் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவைத்தால், டி.சி. வாங்க வரும்போது வாங்கிக்கொள்வார்கள். பள்ளி நூலகத்துக்கு இரண்டு பிரதி. கணினிக் கோப்பும், பிள்ளைகள் கையெழுத்திட்ட பெயர்த் தாளும் பொறுப்பாசிரியரிடம்.

வணக்கம்.