மஞ்சள் பாலில் எத்தனை மிளகு? பழமொழி சொன்ன எண்ணும் ஆய்வகம் சொன்ன எண்ணும்

வணக்கம். "பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்" என்ற பழமொழியைக் கேட்காத தமிழர் அரிது. அது ஏன் பத்து, எட்டாகவோ பன்னிரண்டாகவோ ஏன் இல்லை என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. மஞ்சளோடு மிளகு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்த, 1998-இல் வெளியான ஒரு பெங்களூர் ஆய்வைப் படித்துவிட்டுச் சிறு கணக்கொன்று போட்டபோது, அதே பத்து மிளகு என் முன்னால் வந்து நின்றது. அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதைப் புதுக் கண்டுபிடிப்பாகக் காட்டி மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றதும், இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி 1997-இல் அதை நீக்கச் செய்ததும் பலரும் சொல்லிவிட்ட கதை. ஆகையால் அதைத் தாண்டி நேரே அடுப்பங்கரைக்குப் போவோம்.

(திரையில்: இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் சூடான நல்லெண்ணெய். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள்.)

தண்ணீரில் போட்ட தூள் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடுகிறது. எண்ணெயோ தானே பொன்னிறமாகிவிடுகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, கொழுப்பில் கரையும் என்பதே காரணம். மஞ்சளை வெந்நீரில் கலக்காமல் பாலில் கலக்கும் வழக்கத்துக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கரைந்தால் மட்டும் போதாது. குடலைத் தாண்டும் சிறிதளவு குர்க்குமினையும் குடற்சுவரும் கல்லீரலும் வேறு பொருளோடு பிணைத்து, வந்த வேகத்திலேயே வெளியேற்ற முற்படுகின்றன.

மிளகு நுழைவது இங்கேதான். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த அந்த ஆய்வில், உடல்நலமுள்ளவர்களுக்கு 2 கிராம் குர்க்குமினைத் தனியாகக் கொடுத்தபோது இரத்தத்தில் அது கண்ணுக்கே அகப்படாத அளவில்தான் இருந்தது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலுக்குக் கிடைத்த அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. பைப்பரின், உடலின் அந்த வெளியேற்றும் வேலையைச் சற்று நேரம் தாமதப்படுத்துகிறது என்பதே விளக்கம்.

(திரையில்: நகை நிறுக்கும் சிறு தராசு. அதன்மேல் எண்ணிவைத்த பத்து மிளகு.)

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மிளகு சராசரியாக 50 மில்லிகிராம் இருக்கும். ஆகவே பத்து மிளகு அரை கிராம். மிளகில் பைப்பரின் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு என்று கொண்டால், பத்து மிளகில் இருப்பது 20 முதல் 25 மில்லிகிராம், அதாவது ஆய்வில் கொடுத்த அளவேதான். இதைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் முன்னோருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று மார்தட்டுவதற்கு முன், பழமொழி பேசுவது மஞ்சளைப் பற்றி அன்று, நஞ்சைப் பற்றி என்பதைக் கவனியுங்கள். அந்நியப் பொருளை வெளியேற்றும் வேலையைத் தாமதப்படுத்தும் ஒன்றை மென்றுவிட்டுப் பகைவன் வீட்டுப் பந்தியில் அமர்வது எனக்கென்னவோ அவ்வளவு புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை.

அந்த 2000 விழுக்காட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரைக் காசை இருபது மடங்காக்கினாலும் பத்துக் காசுதான். மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கே. 3 கிராம் பிடிக்கும் ஒரு தேக்கரண்டித் தூளில் 90 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். ஆய்வில் கொடுத்த 2 கிராமை எட்ட வேண்டுமானால் இருபத்திரண்டு தேக்கரண்டி மஞ்சளைப் பாலில் கொட்ட வேண்டும். அது பாலாக இராது, சுவருக்குப் பூசும் சாந்தாகிவிடும். எனவே, ஒரு தம்ளர் மஞ்சள் பால் மூட்டுவலி முதல் புற்றுநோய் வரை தீர்க்கும் என்று யாராவது இந்த ஆய்வைக் காட்டிச் சொன்னால், எத்தனை தேக்கரண்டி என்று மட்டும் கேளுங்கள்.

அப்படியானால் மாத்திரையாக விழுங்கலாமே என்று தோன்றும். 2019-இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை உட்கொண்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் பைப்பரின் இரத்தத்தில் உயர்த்தக்கூடும் என்பதால், நாள்தோறும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அத்தகைய மாத்திரைகளைத் தொட வேண்டாம். குழம்பில் போடும் மிளகைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

தொண்டை கரகரக்கும் இரவில் மஞ்சள் பால் இதம் தருவது உண்மை. சூடும் காரமும் இனிப்புமே அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது என் கருத்து. இருமலுக்குச் சான்று ஓரளவு வலுவாக இருப்பது உண்மையில் தேனுக்குத்தான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2018-இல் சாதாரண இருமலுக்குத் தேனை முதலில் முயலச் சொன்னது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி வித்துகள் குழந்தையின் முதிராத குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளரும், மூச்சுத் திணறும். பிறந்த குழந்தையின் நாவில் சேனை என்று தேன் தொட்டு வைக்கும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்த ஒரு பகுதியை மட்டுமாவது வீட்டுப் பெரியவர்களுக்குப் பக்குவமாகப் போட்டுக் காட்டுங்கள்.

என் வீட்டுப் பக்குவம் இதுதான்: ஒரு தம்ளர் ஆடை நீக்காத பால், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒன்றிரண்டாகத் தட்டிய நான்கு மிளகு, பனங்கற்கண்டு. பத்து மிளகும் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் மடக்குக்கு மேல் இறங்கவில்லை. உங்கள் வீட்டில் எத்தனை மிளகு போடுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். பத்து போட்டுக் குடித்து முடிப்பவர் யாராவது இருந்தால், அவரை நான் நேரில் சந்திக்க விரும்புகிறேன்.