நாங்களே ஸ்பீட் பிரேக்கர் போட்டுக்கலாமுங்களா? திருப்பூர் நேயருக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருப்பூர்ல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. படிச்சிடறனுங்க. "எங்க தெரு ரெண்டு மெயின் ரோட்டுக்கு நடுவுல இருக்குது. சிக்னல்ல நிக்கறதுக்குப் பயந்துட்டு கம்பெனி வேனு, டூவீலரு எல்லாம் எங்க தெருவுல பூந்து பறக்குது. காலையிலயும் பொழுதோடயும் குழந்தைகளை வாசல்ல விட முடியறதில்லை. போலீஸ் ஒரு வாரம் வந்து நின்னாங்க, அந்த ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. இப்ப பழையபடி ஆயிருச்சு. தெருக்காரங்க காசு போட்டு நாங்களே ஸ்பீட் பிரேக்கர் போட்டுக்கலாமுங்களா?"

அக்கா, நீங்களே போடாதீங்க. உங்க கோவம் நியாயமானதுதானுங்க, அதுல மாத்துக் கருத்தே இல்லை. ஆனா ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பாண்டு கான்கிரீட் கொட்டி வெச்சா அது வேகத்தடை ஆகாதுங்க. அதுக்கு, ரோடு போடறதுக்கு விதிமுறை வகுக்கற இந்தியச் சாலைக் காங்கிரஸ்ங்கற அமைப்பு ஒரு அளவு வெச்சிருக்குது, ஐ.ஆர்.சி. 99னு பேரு. உசரம் 10 சென்டிமீட்டர். அகலம், அதாவது வண்டி போற திசையில, 3.7 மீட்டர். 12 அடிங்க! 25 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஏறி இறங்கறதுக்குக் கணக்குப் போட்ட அளவு அது. மேல கருப்பு வெள்ளைப் பட்டை இருக்கோணும், 40 மீட்டர் முன்னாடியே பலகை வெக்கோணும். நம்ம தெருக்கள்ல ஆளாளுக்குப் போட்டு வெச்சிருக்கறது எல்லாம் ஒண்ணரை அடி அகலத்துல செங்குத்தா நிக்கற மேடு.

அதுல யாரு விழுறாங்கன்னு பாருங்க. வேகமா வர்ற பையன் பைக்கைத் தூக்கி ஓட்டிட்டுப் போயிருவான். புருஷன் ஓட்டற வண்டியில பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து, ஒரு கையில குழந்தையும் ஒரு கையில பையுமா வர்ற பொம்பளைதானுங்க தூக்கி எறியப்படுறா. தெரு லைட்டு எரியாத நாள்ல, பெயிண்ட் அடிக்காத மேட்டுல, பின்மண்டை அடிபட்டா பொழைக்கறது கஷ்டமுங்க. அப்படி ஒண்ணு நடந்துட்டா, அனுமதியில்லாம போட்ட உங்க தெருக்காரங்கதான் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கோணும்.

அப்ப என்ன பண்றதுன்னு கேப்பீங்க. மொதல்ல "வேகமாப் போறாங்க"ங்கற பேச்சை நம்பரா மாத்துங்க. டேப் வெச்சு தெருவுல 50 மீட்டர் அளந்து, ரெண்டு முனையிலயும் சாக்பீஸ்ல கோடு போடுங்க. மாடியில நின்னுக்கிட்டு செல்போன் ஸ்டாப் வாட்ச்சுல வண்டி முதல் கோட்டுல இருந்து ரெண்டாவது கோட்டுக்கு வர எத்தனை செகண்டுன்னு பாருங்க. 180ஐ அந்த செகண்டால வகுத்தா வேகம் வந்துரும். 6 செகண்டுன்னா 30 கிலோமீட்டர். 4 செகண்டுன்னா 45. மூணே செகண்டுல போனா அவன் 60ல போறான். காலையில ஒரு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம், ஒரு வாரம் எழுதுங்க. வண்டி நம்பர் எழுத வேண்டாமுங்க, தெருவுல சண்டைதான் வரும். வேனா, காரா, டூவீலரா, எத்தனை செகண்டு, அது போதும்.

இந்த 30ங்கற நம்பரை நான் ஏன் முக்கியமாச் சொல்றேன்னா, ஒரு குழந்தை பந்து எடுக்க 15 மீட்டர் முன்னாடி குறுக்க ஓடி வருதுன்னு வெச்சுக்கங்க. டிரைவர் பாத்து, பிரேக்குல கால் வெக்க ஒரு செகண்டாவது ஆகும். 30ல வந்தா அந்த ஒரு செகண்டுல 8 மீட்டர் போகும், காஞ்ச ரோடுன்னா இன்னும் ஒரு அஞ்சு மீட்டர்ல வண்டி நின்னுரும். குழந்தை தப்பிச்சுரும். 50ல வந்தா அந்த ஒரு செகண்டுலயே 14 மீட்டர் போயிருதுங்க. பிரேக் புடிக்க ஆரம்பிக்கும்போது குழந்தை முன்னாடி நிக்குது. வேகம் குறையவே இல்லை, அப்படியே அடிக்குது. மத்திய அரசோட 2018 அறிவிப்புல நகராட்சி எல்லைக்குள்ள காருக்கு 70 வரைக்கும் இருக்குது. அது உச்சவரம்புங்க, அதுக்குக் கீழ குறைக்கற அதிகாரம் மாநில அரசுக்கு இருக்குது. 2020ல ஸ்டாக்ஹோம்ல உலக நாடுகள் கூடி, ஆளுங்களும் வண்டியும் கலந்து போற எடத்துல 30தான் இருக்கோணும்னு சொன்னாங்க. குடியிருப்புத் தெருவுக்கு அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாமுங்கறது என்னோட அபிப்பிராயம்.

போலீஸ் போனதும் பழையபடி ஆயிருச்சுன்னு சொன்னீங்கல்ல, அதுல ஆச்சரியமே இல்லீங்க. தெரு நேரா, அகலமா, முக்கு வளைஞ்சு விசாலமா இருந்தா கால் தன்னால ஆக்சிலேட்டரை அமுக்கும். அதனால மனுவுல ஸ்பீட் பிரேக்கர் மட்டும் கேக்காதீங்க. தெரு ஆரம்பிக்கற முக்கைக் குறுக்கித் தரச் சொல்லுங்க, வண்டி திரும்பும்போதே மெதுவாத்தான் திரும்ப முடியும். ஸ்கூல், கோயில் இருக்கற எடத்துல ஜீப்ரா கிராசிங்கையே உசத்திப் போடச் சொல்லுங்க.

கம்பெனி வேன் விஷயம் தனிங்க. அந்த டிரைவர் தம்பி நாலு ஊர்ல ஆள் ஏத்திட்டு, கேட் சாத்தறதுக்குள்ள போய்ச் சேரோணும். லேட்டானா வேன்ல இருக்கற அத்தனை பேருக்கும் பேச்சு. நேரா கம்பெனியில போய், "வேனைப் பத்து நிமிஷம் முன்னாடி எடுக்கச் சொல்லுங்க, எங்க தெருவுல வேண்டாமுங்க"ன்னு நாலு பேரு சேந்து சொல்லுங்க. உங்க தெருவுலயே அங்க வேலை பாக்கறவங்க இருப்பாங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

பதினெட்டு வயசு ஆகாத பசங்க ஓட்டறாங்கன்னா பெத்தவங்க காதுல இதைப் போட்டு வைங்க. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவுல வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபா அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்.

மனுவை எங்க குடுக்கறது? தெரு மாநகராட்சியோடதுன்னா மண்டல அலுவலகத்துல குடுங்க, நகல் டிராபிக் போலீஸுக்கு. நகர மாட்டேங்குதுன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுங்க. ஒவ்வொரு மாவட்டத்துலயும் கலெக்டர் தலைமையில சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கோணும்னு சுப்ரீம் கோர்ட் 2017 நவம்பர்ல உத்தரவு போட்டிருக்குது. அந்த வழக்கைப் போட்டது நம்ம கோயமுத்தூர்க்காரருங்க, கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் ராஜசேகரன். ரோட்டுல அடிபட்டு வர்றவங்களுக்கு ஆபரேஷன் பண்ற கை, 2012ல கோர்ட்டுக்குப் போச்சு. அந்தக் குழு உங்களுக்காகத்தான் இருக்குது, மனுவுல "மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு"ன்னு எழுதுங்க. நீங்க எழுதின செகண்டு கணக்கையும் கூடவே இணைச்சுருங்க. ரசீது வாங்காம வந்துராதீங்க.

இன்னொண்ணுங்க. உங்க தெருவுல குழாய்க்கோ பாதாளச் சாக்கடைக்கோ தோண்டியிருந்தா, சீக்கிரம் தார் போட வருவாங்க. எஸ்டிமேட் போடறதுக்கு முன்னாடியே இஞ்சினியரைப் பாத்து, மேடு, பட்டை, பலகை எல்லாம் அதுலயே சேக்கச் சொல்லிருங்க. தார் போட்டு முடிஞ்ச பின்னாடி போனீங்கன்னா, அடுத்த நிதி வரட்டும்னுதான் பதில் வரும்.