கொசுறாகக் கொடுத்த முதலிடம்

நேயர்களுக்கு வணக்கம். கூடைப்பந்து பற்றிப் பேசக் கூப்பிட்ட நிலையத்தாருக்கு நன்றி. முப்பது வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவன் நான். மைதானத்தில் விசில் ஊதிக் கத்திப் பழகிய தொண்டை. மைக் முன்னால் எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்று இன்னும் பிடிபடவில்லை. சத்தம் கூடினால் நீங்களே கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்காவின் கூடைப்பந்து லீக், என்பிஏ. வருஷா வருஷம் ஜூன் மாதம் வந்தால் அங்கே ஒரு வழக்கு கிளம்பிவிடும். கையில் இருக்கும் பிக்கை வைத்துக்கொள்ளலாமா, இல்லை, அதைக் கொடுத்துவிட்டு ஏற்கெனவே ஆடிப் பேர் வாங்கிய ஆட்டக்காரரை அழைத்து வரலாமா?

பிக் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஐபிஎல் ஏலம் உங்களுக்குத் தெரியும். பணப்பையோடு உட்கார்ந்து, கை தூக்கி, கோடிகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள். என்பிஏவில் புதுப் பையன்களை எடுப்பதற்கு ஏலம் கிடையாது. வரிசைதான். அதற்கு டிராஃப்ட் என்று பேர். மொத்தம் 30 அணி, இரண்டு சுற்று. போன வருஷம் மோசமாகத் தோற்றவர்களுக்கு வரிசையின் முன்னால் இடம். பந்தியில் மெலிந்தவனைப் பார்த்து முதல் இலையில் உட்காரவைக்கிற மாதிரி. அந்த இலைக்குத்தான் பிக் என்று பேர். தேர்வுரிமை என்று தமிழில் சொல்லலாம், எனக்கு வாய் வரவில்லை. பிக் என்றே சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இலையை விற்கலாம். இந்த வருஷத்து இலையை மட்டுமல்ல, அடுத்த ஏழு வருஷத்து இலைகள் வரைக்கும் இன்றைக்கே இன்னொரு அணிக்குக் கொடுத்துவிடலாம். பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

கடைசியில் வந்தவனுக்கு முதல் பிக் உறுதி என்றால் வேண்டுமென்றே தோற்க ஆரம்பித்துவிடுவார்கள் இல்லையா? அதனால் 1985 முதல் குலுக்கல் வைத்திருக்கிறார்கள். கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று முதல் 14 வரை எண் போட்ட டேபிள் டென்னிஸ் பந்துகள், ஒரு இயந்திரத்துக்குள் காற்றில் குதித்துக்கொண்டிருக்கும். இருபது விநாடி கழித்து முதல் பந்தை எடுப்பார்கள். பிறகு பத்து விநாடிக்கு ஒன்று. மொத்தம் நான்கு பந்து. இப்படி நான்கு நான்காக எடுத்தால் 1001 விதம் வரும். அதில் 1000-ஐ அணிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றை யாருக்கும் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஆயிரத்தொன்று மொய் எழுதுவோமே, அந்த ஒற்றை ரூபாய்தான் எனக்கு ஞாபகம் வரும். 2025-ல் டாலஸ் அணிக்கு அந்த ஆயிரத்தில் 18 பங்குதான் இருந்தது. முதல் பிக் அவர்களுக்குத்தான் விழுந்தது. கூப்பர் ஃபிளாக் என்ற பையனை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், “ஆரம்பிச்சுட்டார்டா புரூக்ளின் கதையை” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2013, ஜூன் 27. டிராஃப்ட் நடப்பது நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதி அரங்கில். அங்கே ராத்திரி, நமக்கு மறுநாள் விடிகாலை. நான் மைதானத்துக்குக் கிளம்பும் நேரம் செய்தி வந்தது. புரூக்ளின் நெட்ஸ் அணி, பாஸ்டன் செல்டிக்ஸ் அணியிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெரி மூன்று பேரையும் மொத்தமாக வாங்கப் போகிறது. மூன்று பேருமே சாம்பியன்ஷிப் மோதிரம் போட்டவர்கள். கார்னெட் பெயரைக் கேட்டாலே எதிரணி ஆட்டக்காரர்களுக்குக் கை நடுங்கும். பதிலுக்கு நெட்ஸ் கொடுத்தது சில ஆட்டக்காரர்களையும், 2014, 2016, 2018 என்று மூன்று வருஷத்து முதல் சுற்றுப் பிக்குகளையும். அதோடு, 2017-ல் பாஸ்டன் விரும்பினால் இரு அணிகளும் தங்கள் பிக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி.

இந்தக் கடைசி வரியை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள். காய்கறி வாங்கி முடித்த பிறகு, “அம்மா, கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க” என்போமே, அந்த மாதிரிக் கொசுறு அது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

அன்று காலை மைதானத்தில், “புரூக்ளின் ஜெயிச்சாச்சுடா” என்று பையன்களிடம் அடித்துச் சொன்னேன். ஒன்பதாவது படிக்கிற ஒருவன், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “சார், அவங்களுக்கு வயசாயிடுச்சே சார்” என்றான். “அனுபவம்னா என்னன்னு உனக்குத் தெரியுமாடா?” என்று அவனை இரண்டு சுற்று ஓடவிட்டேன். அந்த இரண்டு சுற்று இன்னும் என் கணக்கில் கடனாக இருக்கிறது. கார்னெட்டுக்கு 37. பியர்ஸுக்கு 35. டெரிக்கும் 35. கூட்டினால் 107 வயசு!

என்ன நடந்தது? நெட்ஸ் முதலாளி மிகாயில் புரோகொரோவ் ரஷ்யக் கோடீஸ்வரர். வந்த ஐந்து வருஷத்துக்குள் கோப்பை என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சீசனில் சம்பள வரம்பு மீறியதற்கான வரியாக மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் கட்டினார். அணி 82 ஆட்டத்தில் 44 ஜெயித்தது. ப்ளே ஆஃப் முதல் சுற்றில் டொராண்டோவோடு ஏழாவது ஆட்டம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், விநாடிகள் மட்டும் மிச்சம். டொராண்டோவின் கைல் லோரி உள்ளே புகுந்து பந்தை விடுகிறார். அவரைவிட எட்டு வயசு மூத்த பியர்ஸ் குறுக்கே கையை நீட்டித் தட்டிவிட்டார். ஆட்டம் முடிந்தது, 104-103.

கூடைப்பந்தில் அனுபவம் என்று எதைச் சொல்கிறோமோ அது அந்த ஒரு தட்டுதான். பந்து எந்த நொடியில் கையை விட்டுப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆனால் அடுத்த சுற்றில் மயாமியிடம் நான்குக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்தக் கோடைக்காலத்திலேயே பியர்ஸ் வாஷிங்டனுக்குப் போய்விட்டார். அடுத்த பிப்ரவரியில் கார்னெட் மின்னசோட்டாவுக்கு. ஆக, அந்த வியாபாரத்தில் புரூக்ளினுக்கு மிஞ்சியது பியர்ஸ் தட்டிய அந்த ஒரு பந்து.

பிக்குகளின் கதை அப்போதுதான் ஆரம்பம். ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள், கடன் போகவில்லை. 2015-16-ல் நெட்ஸ் 21 வெற்றி. அதனால் கிடைத்த மூன்றாவது பிக் பாஸ்டனுக்கு: ஜேலன் பிரவுன். அதற்கடுத்த வருஷம் வெறும் 20 வெற்றி, முப்பது அணியில் கடைசி. குலுக்கல் நடந்தது. முதல் பிக் விழுந்தது. யாருக்கு? கிழக்குப் பகுதியில் முதலிடத்தில் இருந்த பாஸ்டனுக்கு! ஊரிலேயே நன்றாகச் சாப்பிட்டவனுக்கு முதல் இலை. ஏன்? அந்தக் கொசுறு வரி. கறிவேப்பிலை!

பாஸ்டன் அந்த முதல் பிக்கையும் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, மூன்றாவது பிக்கையும் பின்னால் வரும் ஒரு பிக்கையும் வாங்கியது. ஃபிலடெல்ஃபியா முதலில் எடுத்தது மார்கெல் ஃபுல்ட்ஸ். பாஸ்டன் மூன்றாவதாக எடுத்தது ஜேசன் டேட்டம். 2024-ல் பாஸ்டன் கோப்பை வென்றபோது அணியின் இரு தூண்கள் டேட்டமும் பிரவுனும்தான். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது பிரவுனுக்கு. வியாபாரம் நடந்து பதினோரு வருஷம் கழித்து!

இதைக் கேட்டதும், “அப்படியானால் பிக்கை விற்கவே கூடாது” என்று சொல்லத் தோன்றும். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்று நம் ஊரில் சொல்லவே செய்கிறார்கள். ஆனால் இங்கே எது இருப்பது, எது பறப்பது? பேர் வாங்கிய ஆட்டக்காரர் கண்ணெதிரே இருக்கிறார், பிக்தான் பறக்கிறது என்று சிலர் சொல்வார்கள். 37 வயசுக்காரர்தான் பறக்கப் போகிறார், பிக்தான் இருக்கும் என்று அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் சொல்வான்.

இதே பாஸ்டன், ஆறு வருஷம் முன்னால், 2007-ல் என்ன செய்தது தெரியுமா? அப்போதும் நிர்வாகி, 2013-ல் கார்னெட்டை விற்ற அதே டேனி எய்ஞ்ச்தான். அந்த சீசனில் 82-ல் 24 வெற்றி. தொடர்ந்து 18 ஆட்டம் தோற்ற அணி. அந்த டிராஃப்டில் கிரெக் ஓடன், கெவின் டுராண்ட் என்று இரண்டு பேர். இருவரில் ஒருவர் எப்படியும் கிடைப்பார் என்று பாஸ்டன் காத்துக்கொண்டிருந்தது. குலுக்கலில் விழுந்தது ஐந்தாவது பிக். எய்ஞ்ச் உட்கார்ந்து அழவில்லை. அந்த ஐந்தாவது பிக்கையும் இரண்டு ஆட்டக்காரர்களையும் சியாட்டிலுக்குக் கொடுத்து ரே ஆலனை அழைத்துவந்தார். ஒரு மாதத்தில் ஐந்து ஆட்டக்காரர்கள், இரண்டு முதல் சுற்றுப் பிக்குகள் கொடுத்து மின்னசோட்டாவிலிருந்து ஒருவரை வாங்கினார். யார்? கெவின் கார்னெட். அதே கார்னெட்! அப்போது வயசு 31. பியர்ஸ் ஏற்கெனவே பாஸ்டனில் இருந்தார். 24 வெற்றி 66 ஆனது. 2008-ல் கோப்பை. கடைசி ஆட்டத்தில் லேக்கர்ஸை 39 புள்ளியில் புரட்டி எடுத்தார்கள்.

ஒரே ஆள். வாங்கும்போது 31, விற்கும்போது 37. இரண்டு தடவையும் லாபம் ஒரே கடைக்கு. அதனால்தான், “பேர் வாங்கிய ஆட்டக்காரர்” என்று யாராவது சொன்னால், எப்போது வாங்கிய பேர் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதே மாதிரி, “பிக்கைக் கொடுக்கலாமா” என்றால் எந்த வருஷத்துப் பிக் என்று கேட்பேன். இந்த ஜூனில் ஐந்தாவது இடம் என்று தெரிந்த பிக்கைக் கொடுப்பது ஒரு வியாபாரம். நான்கு வருஷம் கழித்து வரப்போகும் பிக்கைக் கொடுப்பது வேறு வியாபாரம். மாந்தோப்பைப் பூ விட்டதுமே குத்தகைக்குப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே காய்ப்பு பொய்த்தால் நஷ்டம் எடுத்தவனுக்கு. இங்கே தலைகீழ். நம் தோப்பு பட்டுப்போகப் போகத்தான் எடுத்தவனுக்கு மகசூல். நாம் எவ்வளவு கேவலமாகத் தோற்கிறோமோ அவ்வளவு நல்ல பையன் அவனுக்குக் கிடைப்பான்.

பிக்கை வைத்துக்கொண்டால் மட்டும் நல்லவன் கிடைத்துவிடுவானா? அந்த 2007-ல் முதலில் போன ஓடன், முழங்கால் காயங்களால் என்பிஏவில் ஆடியது மொத்தம் 105 ஆட்டம். இரண்டாவதாகப் போன டுராண்ட் இந்தத் தலைமுறையின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். 2013-ல் கிளீவ்லாந்து முதல் பிக்கில் எடுத்தது ஆந்தனி பென்னட், நிலைக்கவில்லை. அதே ராத்திரி பதினைந்தாவதாகப் போன ஒல்லிப் பையன் யான்னிஸ் அடெட்டோகும்போ, பின்னால் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்று பேர் வாங்கினார். 2014-ல் நாற்பத்தோராவதாகப் போய், பின்னால் அதே பேரை வாங்கிய நிகோலா யோகிச்சின் பெயர் வந்தபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது! 2015-ல் நம் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங்கை டாலஸ் 52-ஆவதாக எடுத்தது. டிராஃப்டில் பெயர் வந்த முதல் இந்தியர். எங்கள் மைதானத்தில் மிட்டாய் கொடுத்தோம். அவருக்கு ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை.

அதனால் கிளீவ்லாந்து 2014-ல் செய்தது சரி என்றே சொல்வேன். முதல் பிக்கில் ஆண்ட்ரூ விக்கின்ஸை எடுத்துவிட்டு, இரண்டு மாதத்தில் அவரையும் பென்னட்டையும் கொடுத்து, 25 வயசு கெவின் லவ்வை வாங்கினார்கள். ஏனென்றால் அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸ் அப்போதுதான் கிளீவ்லாந்துக்கே திரும்பியிருந்தார். வீட்டில் லெப்ரானை வைத்துக்கொண்டு பையன் வளரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். 2016 இறுதிச் சுற்றில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கி இருந்து கோப்பையைத் தூக்கினார்கள். விக்கின்ஸ் சோடை போனார் என்று அர்த்தமில்லை. 2022-ல் கோல்டன் ஸ்டேட்டோடு அவரும் கோப்பை வென்றார்.

இதே கிளீவ்லாந்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் டெட் ஸ்டெபியன் என்று ஒரு முதலாளி. பிக்குகளை அவர் வாரி வழங்கிய வேகத்தைப் பார்த்து லீக்கே பயந்துபோய் விதி போட்டது. அடுத்தடுத்த இரண்டு வருஷம் முதல் சுற்றுப் பிக் இல்லாமல் போகும்படி எந்த அணியும் விற்கக் கூடாது. அந்த விதிக்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் வருவதற்குச் சற்று முன்பே அந்த அணியிலிருந்து கைமாறிய ஒரு பிக், 1982-ல் முதல் பிக்காக வந்தது. அப்போது கோப்பையையும் வைத்திருந்த லேக்கர்ஸ் அதில் எடுத்தது ஜேம்ஸ் வொர்த்தியை. அதுவே அரை மணி நேரக் கதை, ஆனால்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். எனக்கு ஓக்லஹோமா பற்றி விரிவாகச் சொல்ல ஆசை, குறிப்பே இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சுருக்கிவிடுகிறேன். 2019-ல் கிளிப்பர்ஸ் அணி, ஓக்லஹோமாவில் ஆடிய பால் ஜார்ஜுக்காக ஐந்து முதல் சுற்றுப் பிக், இரண்டு வருஷம் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை, அதோடு இருபது வயசு ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர், இன்னொரு ஆட்டக்காரர், எல்லாவற்றையும் கொடுத்தது. அந்தப் பிக்குகளில் ஒன்றில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். ஷாயும் வில்லியம்ஸும் ஓக்லஹோமாவுக்கு 2025-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள். பால் ஜார்ஜ் 2024-லேயே கிளிப்பர்ஸை விட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார். அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பிக் 2026-க்கு உரியது. புதுச் சம்பள விதிகள் இந்த வியாபாரத்தை எப்படி இறுக்கியிருக்கின்றன என்பதும் இருக்கிறது, அதற்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன்.

2013-ல் இரண்டு சுற்று ஓடிய தம்பி எங்கேயாவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நீ சொன்னதுதான் சரி, தம்பி. நேயர்களுக்கு வணக்கம்.