முதலில் மாஸ்டர், பிறகு மற்றவை

வணக்கம் நேயர்களே.

ஒலிப்பதிவு முடிந்தது, எடிட்டிங் முடிந்தது, மிக்ஸிங்கும் மனதுக்குப் பிடித்தபடி அமைந்துவிட்டது. இனி அதை வெளியே எடுக்க வேண்டும். வானொலிக்கு ஒரு வடிவம், பாட்காஸ்டுக்கு ஒன்று, வீடியோ எடிட்டருக்கு ஒன்று, காப்பகத்துக்கு ஒன்று. இருபது அத்தியாயம் உள்ள ஒலிநூல் என்றால் எண்பது கோப்புகள். மெனுவைத் திறந்து, வடிவத்தைத் தேர்ந்து, பெயர் கொடுத்து, சேமித்து, மறுபடியும் முதலிலிருந்து என்று உட்கார்ந்தால் பொழுது போய்விடும். பாதி வழியில் கவனமும் போய்விடும். இந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பல ப்ராஜெக்ட்களை வரிசையில் போட்டு ஒரே மூச்சில் ரெண்டர் செய்யலாம், அதாவது ஒலிக்கோப்புகளாக எடுக்கலாம். ஆடாசிட்டி என்ற இன்னொன்றில் மேக்ரோ, அதாவது வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகளின் பட்டியல், எழுதி வைக்கலாம். 2000-ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை, கட்டளை வரியிலேயே ஒரு ஃபோல்டர் முழுவதையும் மாற்றிவிடும். எதை எடுத்தாலும் சரி, அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். எக்ஸ்போர்ட் வேறு, கன்வெர்ட் வேறு.

ப்ராஜெக்ட் கோப்பில் பெரும்பாலும் இருப்பது குறிப்புகள்தான்: எந்தத் துண்டு எங்கே வர வேண்டும், எந்த டிராக்கில் எந்த ப்ளக்-இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்), எங்கே ஒலி தாழ வேண்டும். அவற்றையெல்லாம் கணக்கிட்டு ஒரே ஒலியாக்கித் தருவது எக்ஸ்போர்ட். அப்படி வந்த ஒலியை இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது கன்வெர்ட். முதல் வேலையை ஒரே ஒரு முறை செய்யுங்கள். ப்ராஜெக்ட்டில் இருக்கும் அதே சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற கணக்கு), ஒலியில் எதையும் கழிக்காத 24 பிட் வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக எடுத்து, அதையே மாஸ்டராக, அதாவது மூலக் கோப்பாக வையுங்கள். மற்ற எல்லாமே அந்த மாஸ்டரிலிருந்து மட்டும் பிறக்கட்டும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் கிட்டத்தட்ட 1 எம்பி. காதுக்கு எட்டாது என்று கருதியவற்றைக் கழித்துத்தான் இவ்வளவு சிறிதாகிறது. கழிந்தது கழிந்ததுதான். அந்த எம்பி3-யை, அதே போலக் கழிக்கும் ஏஏசி வடிவமாக்கினால் இருப்பதிலிருந்து மறுபடியும் கழியும். எம்பி3-யைத் திரும்ப வேவ் ஆக்கினால் கோப்பு பெரிதாகுமே தவிர போனது வராது. கைவேலையில் இப்படி நடந்தால் ஒரு கோப்போடு போகும். தானியங்கி முறையில் தவறான ஃபோல்டரைக் காட்டிவிட்டால் எண்பதுக்கும் நடக்கும். அதனால் மாஸ்டருக்குத் தனி ஃபோல்டர். கருவி அதைப் படிக்கலாம், அதற்குள் எழுதக் கூடாது.

அடுத்தது ஒலியளவு. இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரை, நிகழ்ச்சியின் சராசரி உரப்பு மைனஸ் 23 லஃப்ஸ் (காதுக்குப் படும் உரப்பை அளக்கும் அலகு) என்கிறது. பாட்காஸ்டுக்கு மைனஸ் 16-ஐ ஒட்டி வைப்பது வழக்கம். ஆக, ஒரே மாஸ்டர் இரண்டு அளவில் போக வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கு லவுட்நார்ம் என்ற வடிகட்டி உண்டு. அதை ஒரே ஓட்டத்தில் விட்டால், போகப்போக ஒலியை ஏற்றி இறக்கிக்கொண்டே வரும்; இது டைனமிக் முறை. பேச்சாளர் நிறுத்தும் இடத்தில் மூச்சும் அறைச் சத்தமும் மேலே எழும்பலாம். முதல் ஓட்டத்தில் அளக்க மட்டும் விட்டு, வந்த எண்களை இரண்டாவது ஓட்டத்தில் கொடுத்து லீனியர் முறையைக் கேட்டால், கோப்பு முழுவதையும் ஒரே அளவில் உயர்த்தும் அல்லது தாழ்த்தும். பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். ஆனால் அப்படி உயர்த்தினால் உச்சம் எல்லை மீறும் என்றால், அது தானாகவே டைனமிக் முறைக்குப் போய்விடும். முடிவில் வரும் அறிக்கையில் டைனமிக் என்றா லீனியர் என்றா என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். இன்னொன்று, டைனமிக் முறை உள்ளுக்குள் 192 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. வெளியீட்டுக்கு 48000 என்றோ 44100 என்றோ நீங்கள் சொல்லாவிட்டால், வேவ் கோப்பு அதே 192-இல் வந்து நிற்கும்.

உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துவதும் நல்லது. எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாறும்போது உச்சங்கள் சற்று மேலே போகும்; இடம் விடாவிட்டால் கரகரக்கும்.

கோப்பின் பெயரையும் தலைப்பையும் கருவியே எழுதட்டும். அத்தியாய எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் பல இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். தமிழில் தலைப்பு வைப்பவர்கள் எம்பி3-யின் ஐடி3 குறிச்சொல்லில் (கோப்புக்குள்ளேயே தலைப்பு, பெயர் போன்றவற்றை எழுதி வைக்கும் இடம்) இரண்டாம் பதிப்பையே பயன்படுத்துங்கள். முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். யூனிகோடுக்கு அதில் வழியே இல்லை. தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

எல்லாம் முடிந்த பிறகு, ஒவ்வொரு பிரதியின் நீளத்தையும் மாஸ்டரின் நீளத்தோடு ஒப்பிடச் சொல்லி ஸ்கிரிப்டிலேயே ஒரு வரி சேருங்கள். வட்டில் இடமில்லாமல் பாதியில் நின்ற கோப்பு அதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் எதிரொலி அடங்குவதற்குள் ரெண்டர் எல்லை முடிந்துவிட்டிருந்தால், மாஸ்டரே வெட்டுப்பட்டிருக்கும். நீளங்கள் பொருந்தும், கருவி சரி என்றே சொல்லும். ஆகவே மாஸ்டரின் கடைசிப் பத்து விநாடியை ஹெட்போனில் நீங்களே கேளுங்கள். இதைக் கருவியிடம் விட எனக்கு மனம் வராது.

அப்புறம், கூடவே ஒரு வேலை. சில ஆண்டுகள் கழித்து அதே ப்ராஜெக்ட்டைத் திறந்தால், அன்றிருந்த ப்ளக்-இன் இன்றைய கணினியில் ஓடாமல் போகலாம். அதனால் மாஸ்டரை எடுக்கும்போதே குரல், இசை, பின்னணி ஓசை மூன்றையும் தனித்தனி வேவ் கோப்புகளாக எடுத்து வையுங்கள். மூன்றும் பூஜ்ய விநாடியிலிருந்தே தொடங்கட்டும். அப்போது எந்த மென்பொருளில் போட்டாலும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியாக உட்காரும்; இசையை மட்டும் மாற்ற வேண்டி வந்தாலும் குரலைத் தொட வேண்டியிருக்காது.

நன்றி, வணக்கம்.