பெரிய சனி: பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் இடையில் கிடக்கும் நாள்

(காட்சி: யாழ்ப்பாணத்தில் ஒரு செத்த வீடு. முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் கதிரைகள்.)

"அழாதேயுங்கோ அக்கா. அவர் ஆண்டவரிட்டப் போயிட்டார். நாங்கள் விசுவாசக்காரர் எல்லோ?"

செத்த வீட்டில் இதை எத்தனை தரம் கேட்டிருப்போம். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அக்காவுக்கு விளங்குவது வேறு: அழுதால் விசுவாசம் குறைவு. பந்தல் கழற்றி, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அவர் குசினிக்குள் ஒளித்திருந்து அழுவார்.

இந்த ஆறுதலுக்கு ஆதாரமாகக் காட்டுவது, பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் கடிதம், 4ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். சரி, திறந்து பாருங்கள். நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துயரப்படாதீர்கள் என்கிறார். துயரப்படவே வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. "போல" என்ற சொல்லை நாங்கள்தான் விழுங்கிவிட்டோம்.

(காட்சி: யோவான் நற்செய்தி, 11ஆம் அதிகாரம்.)

இயேசுவின் நண்பர் லாசர் நோயாய்க் கிடக்கிறார் என்று அவருடைய சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் ஆள் அனுப்புகிறார்கள். இயேசு உடனே வரவில்லை. இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். வந்து சேரும்போது லாசரைக் கல்லறையில் வைத்து நாலு நாள். மார்த்தாளும் மரியாளும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்க மாட்டான். இயேசு அவர்களை ஏசவில்லை. அழுதார். கொஞ்ச நேரத்தில் லாசரை உயிரோடு எழுப்பப் போகிறவருக்கு அழுகை எதற்கு? எத்தனை தரம் வாசித்தும் எனக்கு முழுதாகப் பிடிபடாத இடம் இது.

திருப்பாடல்களும் அப்படித்தான். 13ஆம் பாடல் தொடக்கத்திலேயே "எவ்வளவு காலம்?" என்று நாலு தரம் கேட்கிறது. 88ஆம் பாடல் இருளோடேயே முடிகிறது, விடிவு பற்றி ஒரு வரி இல்லை. அதையும் யாரும் வேதாகமத்திலிருந்து வெட்டி எறியவில்லை.

(காட்சி: கிணற்றடி. கப்பி, கயிறு, வாளி.)

எபிரேய மொழியில் நம்பிக்கைக்கு ஒரு சொல் "திக்வா". காத்திருத்தலைக் குறிக்கும் வினையோடு சேர்ந்த சொல். வேதாகமத்தின் யோசுவா நூலில் இராகாபு என்ற பெண் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் இதே சொல்தான். கயிறு என்றால் எங்களுக்குக் கிணறு ஞாபகம் வரும். விடியாத நேரத்தில் வாளியை இறக்கினால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. வாளி சரிந்து நிரம்புவதைக் கை அறியும், கயிறு பாரமாகும். அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் காத்திருப்பு. கயிற்றை விட்டால் கை லேசாகும், ஆனால் வாளி போய்விடும்.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் விசுவாசத்தோடு அழுவதை அறியாதவர்கள் இல்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய தபசுகாலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி போல இழுத்துப் படிக்கும் வழக்கம் இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதியது. மாதா மகனுக்காக அழுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார் தங்கள் பிள்ளைகளுக்காகவும் சேர்த்து அழுவார்கள்.

எல்லாருக்கும் அழுவதற்குக் கல்லறை இருப்பதில்லை. போர்க்காலத்தில், 2006 ஆகஸ்ட் 20 அன்று, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள அல்லைப்பிட்டியில் காணாமல்போன பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாருக்கு என்ன நடந்தது என்பது இன்றும் வெளிவரவில்லை. காணாமல்போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கும் தாய்மாருக்கும் அதே நிலைதான். சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்த இடமில்லை. பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனால், உயிரோடு இருப்பவருக்கா, இறந்தவருக்கா என்ற கேள்வி வரும். அவர்களிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது என் எண்ணம். பக்கத்தில் இருந்து ஒரு செபமாலை சொல்லலாம். அப்புறம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கலாம்.

(காட்சி: பெரிய சனி. வெறுமையான பீடம்.)

வருடத்தில் ஒரு நாளைத் திருச்சபை இவர்களுக்கென்றே வைத்திருப்பதுபோல் எனக்குப் படும். இயேசு சிலுவையில் இறந்த வெள்ளி முடிந்துவிட்டது, அவர் உயிர்த்த ஞாயிறு வரவில்லை. பகலில் பூசை கிடையாது. பீடத்தில் துணி இல்லை. நற்கருணைப் பேழை திறந்தபடி வெறுமையாய்க் கிடக்கும். சீடர்களுக்கோ அது "இடைப்பட்ட நாள்" கூட இல்லை. ஞாயிறு ஒன்று வரும் என்று அவர்கள் எண்ணியிருக்கவில்லை.

இரவுத் திருவிழிப்புக்குப் புதுநெருப்பு மூட்டுவார்கள். அதில் உயிர்த்த இயேசுவைக் குறிக்கும் பெரிய மெழுகுதிரியான பாஸ்காத்திரியைக் கொளுத்தி, அந்த ஒரு சுடரிலிருந்து கைக்குக் கை மாற்றுவார்கள். மட்டைத்துண்டில் செருகிய சின்ன மெழுகுதிரி. உருகிய மெழுகு விரலில் விழுந்து சுடும். ஆனால் இருட்டுமுன் தொடங்கக்கூடாது என்பது வழிபாட்டு ஒழுங்கு. விறகு அடுக்கியாகிவிட்டது, சனமும் வந்துவிட்டது, வானத்தில் இன்னும் வெளிச்சம்.

(காட்சி: கோயில் முற்றம். அம்மம்மாவின் கையைப் பிடித்தபடி ஒரு சிறுவன்.)

"அம்மம்மா, இன்னும் இருட்டேல்லையோ?"

"இருட்டும். பொறு அப்பு."