கீமோவுக்கு முன்னாடி கருமுட்டையை எடுத்து வைக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி ஏற்காடு நாகலூர்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. "என் தங்கச்சிக்கு 27 வயசு, இன்னும் கல்யாணம் ஆகலை. மார்பகப் புற்றுநோய்னு சேலத்துல ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ரிப்போர்ட்ல ஈஆர் பாசிட்டிவ்னு இருக்கு. மூணு வாரத்துல கீமோ. கருமுட்டையை எடுத்து வைக்கலாம்னு சொல்றாங்க. அதுக்குப் போடுற ஹார்மோன் ஊசியில நோய் கூடிடாதா? கீமோ தள்ளிப் போயிடாதா?"

ஈஆர் பாசிட்டிவ்னா, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிச்சு வளர்ற வகைப் புற்றுன்னு அர்த்தம். முதல்ல நாள் கணக்கைப் பார்ப்போம். மூணு வாரம் போதும்ங்க. ஆனா அதுல ஒரு வாரத்தை வீட்டுல பேசிப் பேசியே கழிச்சுட்டா பத்தாது. முன்னெல்லாம் மாதவிலக்கு ரெண்டாம் நாள் வரைக்கும் காத்திருந்துதான் ஊசி ஆரம்பிப்பாங்க. இப்ப எந்த நாள்ல வேணும்னாலும் ஆரம்பிக்கலாம். சினைப்பையில ஃபாலிக்கிள்ங்க, அதாவது முட்டை வளர்ற சின்ன நீர்ப்பைங்க, ஒரு மாசத்துக்குள்ளயே அலை அலையா வளரும், மாதவிலக்குக்கு அப்புறம் மட்டும்தான்னு இல்லை. ஊசி தொடங்கி முட்டை எடுக்குற வரைக்கும் ஏறக்குறைய 12 நாள், சிலருக்கு 14 நாள். எடுத்து ரெண்டு மூணு நாள்ல கீமோவுக்குப் போயிடலாம். அதனால இன்னைக்கே புற்றுநோய் டாக்டர்கிட்ட, "குழந்தைப்பேறு டாக்டருக்கு ஒரு லெட்டர் கொடுங்க"ன்னு கேளுங்க. சிகிச்சை அவசரத்துல அவங்களே இதைச் சொல்லாம விட்டுடுறது உண்டு. நாமதான் கேட்கணும்.

ஏன் கீமோவுக்கு முன்னாடியேன்னா, மார்பகப் புற்றுக்குக் கொடுக்குற சைக்ளோபாஸ்பமைடுங்கற கீமோ மருந்து சினைப்பையில இருக்குற முட்டை இருப்பையே அழிக்கும். 27 வயசுல கீமோ முடிஞ்சு மாதவிலக்கு திரும்ப வந்துரும், நிறைய பேருக்கு வருது. ஆனா மாதவிலக்கு வந்துருச்சுங்கறதுக்காக முட்டை இருப்பும் பழையபடி இருக்குன்னு நினைக்கக் கூடாது. அடுத்து, ஈஆர் பாசிட்டிவ்னா கீமோ, ரேடியேஷன் முடிஞ்சதும் டமாக்சிஃபன் மாதிரி மாத்திரை 5 வருஷம், சில பேருக்கு 10 வருஷம். அது ஓடும்போது கர்ப்பம் ஆகக் கூடாது. 2023ல வெளிவந்த பாசிட்டிவ்ங்கற ஆய்வுல, 18 முதல் 30 மாசம் மாத்திரை எடுத்தவங்க நடுவுல ரெண்டு வருஷம் வரைக்கும் நிறுத்திக் குழந்தை பெத்துக்கிட்டதுல, அந்தக் குறுகிய காலத்துல நோய் திரும்புறது கூடலை. மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் விட்டுத்தான் முயற்சி பண்ணணும். எப்படிப் பார்த்தாலும் சில வருஷம் தள்ளிப் போகும்.

இப்ப உங்க பயத்துக்கு வர்றேன். கேள்வி நியாயமானது. முட்டைகளை வளர்க்குற எஃப்எஸ்எச் ஊசி போட்டா ஈஸ்ட்ரோஜன் ஏறும். சாதாரண மாசத்துல 200, 300 பிகோகிராம் வரைக்கும் போறது, இதுல 2000, 3000 வரைக்கும் போகலாம். அதுக்குத்தான் ஊசியோட தினம் லெட்ரோசோல் 5 மில்லிகிராம் மாத்திரை சேர்க்குறாங்க. அது உடம்புல ஈஸ்ட்ரோஜன் உருவாகுறதையே தடுக்கும். முட்டை வளரும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாதாரண மாசத்து அளவை ஒட்டியே நிக்கும். முட்டை எடுத்த பிறகும் ரத்தத்துல அளவு இறங்குற வரைக்கும் இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. "முட்டை எடுத்தாச்சே"ன்னு விட்டுடுவாங்க, தப்பு. இப்படிச் செஞ்சவங்களைத் தொடர்ந்து கவனிச்சதுல நோய் திரும்புறது கூடினதா இதுவரைக்கும் தெரியலை.

முறை என்னன்னா, முதல் நாளே முட்டை இருப்பைக் காட்டுற ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி. தொற்று இருந்தா உறைய வைக்குற முட்டையைத் தனி டேங்க்ல வைக்கணும், அதுக்காகத்தான் இது. எஃப்எஸ்எச் தினம் ஒரே நேரத்துல தொப்புளுக்குக் கீழே தோலடியில, 150 முதல் 300 யூனிட். அஞ்சு, ஆறாம் நாள்ல இருந்து முட்டை முன்கூட்டியே வெடிச்சுடாம இருக்க ஆன்டகனிஸ்ட் ஊசி, 0.25 மில்லிகிராம். ரெண்டு மூணு நாளுக்கு ஒருதடவை ஸ்கேன். ஃபாலிக்கிள்ங்க 18, 20 மில்லிமீட்டர் வந்ததும் ட்ரிக்கர், அதாவது முட்டையைக் கடைசியா முதிர வைக்குற ஊசி.

ட்ரிக்கர்ல மணி பார்க்கணும். திங்கக்கிழமை ராத்திரி 10 மணிக்குப் போட்டா, புதன் காலையில 10 மணிக்குள்ள முட்டை எடுத்தாகணும். 35, 36 மணி நேரக் கணக்கு. ரொம்பத் தாமதமானா முட்டை வெடிச்சு வெளியே போயிடும், ஊசி சரியா ஏறலைன்னா எடுக்கப் போறப்ப ஒண்ணுமே வராது. இவங்களுக்கு ட்ரிக்கரா எச்சிஜி ஹார்மோன் ஊசி வேண்டாம், ட்ரிப்டோரெலின் மாதிரி அகோனிஸ்ட் ஊசியே ட்ரிக்கரா போடச் சொல்லிக் கேளுங்க. எச்சிஜி போட்டா வயித்துல தண்ணி சேர்ந்து கீமோ தள்ளிப் போற ஆபத்து அதிகம். அகோனிஸ்ட் போட்டா மறுநாள் காலையில ரத்தத்துல எல்எச் ஹார்மோன் ஏறியிருக்கான்னு பார்த்து, ஊசி வேலை செஞ்சுதான்னு தெரிஞ்சுக்கலாம்.

மலை மேல இருக்குறவங்களுக்குத் தனியா ரெண்டு விஷயம். ஊசிப் பெட்டியில 2 முதல் 8 டிகிரின்னு போட்டிருந்தா ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டவே வேண்டாம். புரத மருந்து, உறைஞ்சா கெட்டுரும். ஐஸ் பேக்கை மருந்து மேல நேரா வைக்காம நடுவுல துணி வைங்க. கடைசி நாலு நாள் சேலத்துலயே சொந்தக்காரங்க வீட்டுல தங்கிடுங்க. சினைப்பை பெருத்திருக்கும், அந்த 20 கொண்டை ஊசி வளைவுல குலுங்கிக் குலுங்கி ஏறி இறங்க வேண்டாம். முட்டை எடுத்த அன்னைக்கு ராத்திரியும் கீழேயே இருக்கட்டும். திடீர்னு ஒரு பக்கம் வலி, வாந்தி, காய்ச்சல், சிறுநீர் குறையுறது, மூச்சு வாங்குறதுன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கல்யாணம் ஆகாத பொண்ணுங்கறதால, வெளிப்படையாவே சொல்லிடுறேன். ஸ்கேனை வயித்து மேலயே பார்க்கலாம். முட்டை எடுக்குறது பொதுவா மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியா ஊசி விட்டுத்தான், 15, 20 நிமிஷம். கன்னித்திரை பாதிக்கலாம். அதை முன்னாடியே தங்கச்சிகிட்ட பேசிடணும், முடிவு அவங்களோடது. 2021 சட்டப்படி 21 வயசு தாண்டின பொண்ணு தானே கையெழுத்துப் போடலாம், கல்யாணம் ஆகியிருக்கணும்னு இல்லை. படிவத்துல "இறப்பு நேர்ந்தா என்ன செய்யறது"ன்னு கேட்பாங்க. அது சட்டம் கேட்குற கேள்வி, பயப்பட வேண்டாம்.

எடுத்ததுல முதிர்ந்த முட்டையை மட்டும்தான் உறைய வைப்பாங்க. விட்ரிஃபிகேஷன்னு பேரு. நொடியில திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரிக்குப் போகுறதால ஐஸ் படிகம் உருவாகாது. மெதுவா உறைஞ்சா படிகம் முட்டையைக் கிழிச்சுரும். கரண்ட் போனா என்னன்னு கேட்பீங்க. அந்த டேங்குக்குக் கரண்ட் தேவையில்லை, நைட்ரஜன் ஆவியாகி மட்டம் குறைஞ்சாதான் பிரச்சினை. அதனால மட்டத்தை யார், எத்தனை நாளுக்கு ஒருதடவை பார்க்குறாங்க, அலாரம் இருக்கான்னு கேளுங்க. வருஷக் கட்டணம் எவ்வளவு, எத்தனை வருஷம் வைப்பாங்கங்கறதை எழுத்துல வாங்கிடுங்க. 10 முதல் 15 முதிர்ந்த முட்டை கிடைச்சா நல்லது, ஆனா அது குழந்தைக்கு உத்தரவாதம் இல்லை.

கீமோவுக்கு ஒரு வாரம் முன்னாடி கோசெரெலின் 3.6 மில்லிகிராம் ஊசி ஆரம்பிச்சு மாசாமாசம் போடுறது உண்டு, சினைப்பையை ஓய்வுல வைக்க. நல்லதுதான், கூடவே போட்டுக்கலாம். அது இருக்கே, முட்டை எதுக்குன்னு விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, 27 வயசுல மார்பகப் புற்றுன்னா பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை கண்டிப்பா செய்யணும். பரம்பரையா மார்பகப் புற்று வரக் காரணமான மாற்றம் அந்த மரபணுவுல இருக்கான்னு பார்க்குறது அது. இருந்தா குழந்தைக்குப் போறதுக்கு 50 சதவீத வாய்ப்பு. அப்புறம் இந்த முட்டையில உருவாகுற கருவைச் சோதிச்சு, அந்த மாற்றம் இல்லாத கருவை வைக்க முடியும். தங்கச்சிக்கு இருந்துச்சுன்னா, கேள்வி கேட்ட அக்கா, நீங்களும் பார்த்துக்கணும்.